செவ்வாய்க்கிழமை பச்சை நிறம்

எழுத்துக்கு நிறம், சொல்லுக்குச் சுவை, ஒலிக்கு வடிவம். சிலருக்கு இது கற்பனை அல்ல, தினசரி அனுபவம். பாலக்காடு, இடுக்கி எல்லையில் இரண்டு மொழி எழுத்துகளோடு வளரும் பிள்ளைகளிலும் இப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். கேட்டால்தான் தெரியும்.

ஏலம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஒன்று காய், மற்றொன்று விற்பனை. இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியில் இரண்டு ஏலமும் ஒரே கூடத்தில் சந்திக்கின்றன. கணிப்பொறிகளுக்கு முன்னால் வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, விற்பனைக்கு வந்த ஒவ்வொரு குவியலின் மாதிரியும் தட்டில் அவர்கள் கைக்கு வருகிறது. நாலைந்து காய்களை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கிறார்கள். சில விநாடிகளில் விலை முடிவாகிவிடுகிறது. 2007-ல் மின்னணு ஏலம் வருவதற்கு முன்பு வாய்விட்டுக் கூவித்தான் விலை கேட்பார்கள். கூவல் நின்றுபோனது, கண்ணின் வேலை நிற்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏலக்காயின் மணமும் ருசியும் அதன் விதையில் இருக்கும் எண்ணெயில்தான் இருக்கின்றன. சினியோல், டெர்பினைல் அசிடேட் என்ற இரண்டு பொருள்கள் அதில் முக்கியம். தோலின் பச்சையோ வெறும் பச்சையம். ஆனாலும் நல்ல பச்சைக்குத்தான் நல்ல விலை. அந்தப் பச்சை போய்விடக்கூடாது என்பதற்காகவே உலர்த்தும் ஸ்டோர்களில் சூட்டை மிதமாக வைத்து இரவெல்லாம் காவல் இருக்கிறார்கள். பதமாக உலர்ந்த காய் என்பதற்குப் பச்சை ஓர் அடையாளம் என்பது உண்மைதான். ஆனால் விஷயம் அதோடு நிற்பதில்லை. செயற்கைச் சாயம் ஏற்றிய காய்களைப் பற்றி நறுமணப் பொருள் வாரியம் எச்சரிக்க வேண்டிவந்தது. வாசனைக்காக வாங்கும் பொருளுக்குச் சாயம் பூசுகிறவனுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருக்கிறது: மனிதன் மூக்கால் மட்டும் முகர்வதில்லை.

2001-ல் பிரான்ஸின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பைப் பற்றிப் படிக்கும் 54 மாணவர்களிடம் இதையே வேறு விதமாகச் சோதித்தார்கள். வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்கு வழக்கமாகச் சொல்லும் வாசனைகளை அவர்கள் வரிசையாக எழுதிக்கொடுத்தார்கள். ஏமாந்தவர்கள் பாமரர்கள் அல்ல, அதையே தொழிலாகப் படிக்கிறவர்கள்.

எல்லோரிடமும் கொஞ்சம்

ஐம்புலன்களும் ஐந்து தனி வாசல்கள் என்பது பழைய எண்ணம். உயிர்களை அவற்றின் புலன்களை வைத்து வரிசைப்படுத்தியவர் தொல்காப்பியர். உடம்பில் தொடங்கி நாக்கு, மூக்கு, கண், காது என்று ஒவ்வொன்றாகக் கூட்டி மனத்தில் முடித்தார். ஆனால் அன்றாடத் தமிழ் இந்த வரிசையை மதிப்பதில்லை. தொட்டுப் பார்க்கிறோம், முகர்ந்து பார்க்கிறோம், ருசி பார்க்கிறோம், பாட்டைக் கேட்டுப் பார்க்கிறோம். எல்லாப் புலனுக்கும் கடைசியில் ஒரு ‘பார்’. குரல் இனிக்கிறது, பேச்சு காரசாரமாக இருக்கிறது, சொல் சுடுகிறது.

சமையலறையில் இது இன்னும் கண்கூடு. மசாலாவைப் பச்சை வாசனை போகும்வரை வதக்கவேண்டும் என்று கம்பத்தில் ஓர் அம்மா சொன்னால், மலைக்கு அந்தப் பக்கம் குமுளியில் மலையாளத்தில் இன்னோர் அம்மா அதையே பச்சைமணம் என்கிறார். பச்சை என்பது இங்கே வேகாதது என்ற பொருளில் வந்தது என்று இலக்கண ஆசிரியர் விளக்கலாம். ஆனால் ஒரு நிறத்தின் பெயர் ஒரு வாசனையின் மேல் உட்கார்ந்திருப்பதைப் பற்றி இரண்டு அம்மாக்களும் ஒரு நாளும் ஆச்சரியப்பட்டதில்லை.

மூணாறின் தேயிலைத் தொழிலிலும் இதே கதைதான். வரிசையாக வைத்த கிண்ணங்களிலிருந்து தேநீரைக் கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போகிறார் தேநீர் சுவைப்பாளர். சத்தமாக உறிஞ்சுவது மரியாதைக் குறைவால் அல்ல. அப்போதுதான் ஆவி தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். பிறகு அவர் தரும் தீர்ப்பைக் கவனித்தால், ‘பிரைட்’ என்பது வெளிச்சத்தின் சொல், ‘பாடி’ என்பது கனத்தின் சொல், ‘பிரிஸ்க்’ என்பது சுறுசுறுப்பின் சொல். நாக்குக்கென்று தனியாக இருக்கும் சொற்கள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் கண்ணிடமும் கையிடமும் வாங்கிய கடன்.

காதும் கண்ணை நம்பித்தான் இருக்கிறது. ‘ப’ என்ற ஒலியை ஒலிக்கச் செய்து, ‘க’ என்று உச்சரிக்கும் வாயைத் திரையில் காட்டினால், பார்ப்பவர் காதில் விழுவது பெரும்பாலும் ‘த’ போன்ற மூன்றாவது ஓர் ஒலி. ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இருவர் 1976-ல் கண்டுபிடித்தது இது. மூளைக்குள் புலன்கள் ஓயாமல் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டிருக்கின்றன. எல்லோருக்கும் பொதுவான இந்தப் பேச்சு சிலரிடம் மட்டும் உரக்கக் கேட்கிறது.

பேச்சு வழக்கு அல்ல

அவர்களுக்கு ‘அ’ என்ற எழுத்து கறுப்பு மையில் அச்சாகியிருந்தாலும் கூடவே ஒரு சிவப்பும் தெரியும். மூன்று என்ற எண் மஞ்சள். நாதஸ்வரம் ஒலித்தால் கண்ணுக்குள் ஒரு வடிவம் எழும். மிகச் சிலருக்கு ஒருவரின் பெயரைக் கேட்டாலே வாயில் ஒரு ருசி. அவர்கள் வேண்டி வரவழைப்பதில்லை, வேண்டாம் என்றாலும் போவதில்லை. கிரேக்கச் சொற்களை ஒட்டி விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயர் சினெஸ்தீசியா. ‘சேர்ந்து உணர்தல்’ என்று பொருள். தமிழில் புலன் கலப்பு எனலாம்.

இதைப் பற்றி முதலில் எழுதியவராகக் கருதப்படுபவர் ஜெர்மன் மருத்துவர் கேயார்க் சாக்ஸ். 1812-ல் அவர் சமர்ப்பித்த ஆய்வேட்டின் பொருள் பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்திருப்பது. அவரும் அவருடைய தங்கையும் அப்படிப் பிறந்தவர்கள். அந்த ஏட்டில் போகிறபோக்கில், எழுத்துகளும் எண்களும் இசையும் தனக்கு நிறங்களாகத் தோன்றுவதையும் குறித்துவைத்தார். 1880-ல் டார்வினின் உறவினர் பிரான்சிஸ் கால்டன், எண்களை வடிவமாகவும் நிறமாகவும் காண்பவர்களைத் தேடிப் பதிவு செய்தார். இது குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது என்பதையும் அவர் கவனித்தார்.

அதன் பிறகு வந்த பல தலைமுறை விஞ்ஞானிகள் இதைப் பொருட்படுத்தவில்லை. ஒருவர் கண்ணுக்குள் தெரிவதை இன்னொருவர் எப்படிச் சரிபார்ப்பது? கவிதை மனமோ, பொய்யோ, போதையோ என்று ஒதுக்கிவிட்டார்கள். 1980-களின் கடைசியில்தான் காற்று திசைமாறியது. சைமன் பாரன்-கோயனும் சகாக்களும் செய்த சோதனை எளிமையானது. சொற்களைப் படித்துக் காட்டி நிறம் கேட்பது, நாள் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் அதே சொற்களை மறுபடி கேட்பது. 1993-ல் வெளியான முடிவுப்படி, புலன் கலப்பு உள்ளவர்கள் ஓராண்டு கழித்தும் நூற்றுக்கு 92 சொற்களுக்கு அதே நிறத்தைச் சொன்னார்கள். மற்றவர்கள் ஒரே வாரத்தில் 38-ஐக்கூட எட்டவில்லை. பொய் சொல்பவனுக்கு நல்ல ஞாபகசக்தி வேண்டும் என்பார்கள். இவ்வளவு ஞாபகத்தோடு யாரும் பொய் சொல்வதில்லை.

இது எவ்வளவு அபூர்வம்? லட்சத்தில் ஒருவர் என்றெல்லாம் ஒரு காலத்தில் எண்ணினார்கள். 2006-ல் ஜூலியா சிம்னர் குழுவினர் பிரிட்டனில் எடுத்த கணக்கு 100 பேரில் 4 பேருக்குச் சற்று அதிகம் என்றது. கிழமைகளுக்கு நிறம் தெரிவதுதான் அதிகம் காணப்பட்ட வகை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தக் கணக்கை அப்படியே பொருத்தினால், 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒன்றிரண்டு பேராவது இருக்கவேண்டும்.

சென்னையில் படித்தவர்

இந்தத் துறைக்கு உலகின் கவனத்தைத் திருப்பியவர்களில் ஒருவர் தமிழர். 1951-ல் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர் வி.எஸ். ராமச்சந்திரன். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரின் பேரன். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் மூளை ஆய்வு செய்தவர்.

2001-ல் ராமச்சந்திரனும் எட்வர்டு ஹப்பர்டும் ஒரு தாள் முழுக்க 5 என்ற எண்ணைச் சிதறவிட்டு, நடுவே சில 2-களை முக்கோணமாக வைத்தார்கள். கோணல் மாணலாக எழுதினால் இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். சாதாரணக் கண்ணுக்கு முக்கோணம் லேசில் பிடிபடாது. எண்ணை நிறமாகக் காண்பவர்கள் அதை மற்றவர்களைவிட நன்றாகக் கண்டுபிடித்தார்கள். பச்சைக்கு நடுவே சிவப்பு இருந்தால் எவருக்குத்தான் தெரியாது? பின்னால் செய்த சோதனைகள் இந்த அனுகூலம் முதலில் நினைத்த அளவுக்குப் பெரிதல்ல என்று காட்டினாலும், அது இருப்பதை உறுதி செய்தன.

காரணம் என்ன? மூளையில் நிறத்தை அறியும் பகுதியும் எண், எழுத்து வடிவங்களை அறியும் பகுதியும் அக்கம்பக்கத்து வீடுகள். நடுச்சுவரில் வழக்கத்தைவிட அதிகமான வாசல்கள் இருக்கலாம் என்பது ராமச்சந்திரனின் விளக்கம். வாசல்கள் எல்லோருக்கும் உண்டு, சிலருக்கு மட்டும் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்பது இன்னொரு தரப்பு. 2002-ல் வெளியான ஒரு ஸ்கேன் ஆய்வில், சொற்களைக் காதால் கேட்டபோதே இவர்களின் மூளையில் நிறத்துக்கான பகுதி விழித்துக்கொண்டது தெரிந்தது. 2018-ல் மூன்று குடும்பங்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது ஒரே ஒரு மரபணு குற்றவாளியாக அகப்படவில்லை. நரம்பு இழைகள் வளர்வதில் பங்குள்ள பல மரபணுக்கள் கண்ணில் பட்டன.

பாலக்காட்டின் காது

இடுக்கியில் கண்ணும் மூக்கும் கூட்டாளிகள் என்றால், வடக்கே பாலக்காட்டில் காதும் கையும். செம்பை வைத்தியநாத பாகவதர், பாலக்காடு மணி அய்யர் என்று கர்நாடக சங்கீதத்துக்கு வாரி வழங்கிய மண் இது. செம்பை பெயரில் அரசு இசைக் கல்லூரியும் இங்கே இருக்கிறது. மிருதங்கம் கற்க வரும் பையனின் முதல் பாடம் ‘த தி தொம் நம்’. முதலில் வாயால் சொல்லவேண்டும், பிறகு கையால் வாசிக்கவேண்டும். சில ஆண்டுகளில் சொல்லும் விரலும் பிரிக்கமுடியாமல் ஒட்டிக்கொள்கின்றன. ‘தொம்’ என்று காதில் விழுந்ததும் உள்ளங்கை இடந்தலையைத் தேடுகிறது.

மாவட்டத்தின் பெருவெம்பா கிராமம் மிருதங்கமும் மத்தளமும் செண்டையும் செய்வதற்குப் பேர்போனது. மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பு வட்டத்தை ஒரே தடவையில் பூசிவிட முடியாது. கொஞ்சம் பூசி, கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடி பூசவேண்டும். கைக்குப் படும் தடிமன்தான் காதுக்கு விழும் ஸ்ருதி. வெறும் தோலில் எழாத இனிய சுரங்களை இந்தக் கறுப்பு வட்டம் எப்படி எழுப்புகிறது என்பதை சி.வி. ராமன் 1920-ல் ‘நேச்சர்’ இதழில் விளக்கி எழுதினார். பட்டறைக்காரர்களுக்கு அது அதற்கு வெகுகாலம் முன்பே விரல் நுனியில் தெரிந்திருந்தது.

ஆனால் இது புலன் கலப்பு அல்ல, பயிற்சி. இங்கே ஒரு கோடு போட்டுக்கொள்வது அவசியம். நம் மரபு புலன்களைச் சேர்த்து முடிச்சுப்போடுவதில் சளைத்ததல்ல. நாட்டிய சாஸ்திரம் ரசங்களுக்கு நிறம் சொல்கிறது. ரௌத்திரத்துக்குச் சிவப்பு, ஹாஸ்யத்துக்கு வெள்ளை. 13-ம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் ஏழு சுரங்களுக்கும் நிறம் ஒதுக்குகிறது. சங்க இலக்கியத்தில் குறிஞ்சி என்றால் மலையும் நள்ளிரவும் காதலர் கூடலும் யாழும் பறையும் ஒன்றாக வரும். கிழமைகளையே எடுத்துக்கொண்டால் செவ்வாயில் சிவப்பும் வெள்ளியில் வெண்மையும் பெயரிலேயே இருக்கின்றன. இவையெல்லாம் ஒரு சமூகம் பேசி முடிவுசெய்த சேர்க்கைகள்; எல்லோருக்கும் ஒன்றுதான்.

புலன் கலப்பு அப்படி அல்ல. ஒருவருக்குச் செவ்வாய்க்கிழமை பச்சையாக இருக்கும். அவருடைய தம்பிக்கு அது ஊதாவாக இருக்கும். ஒருவர் சொல்வதை மற்றவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். இரண்டு உலகமும் சந்தித்த இடம் ஒன்று உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் (1908-1992) ஒலிகளை நிறங்களாக உணர்ந்தவர். எந்த இடத்தில் எந்த நிறம் என்று இசைக்குறிப்பிலேயே எழுதிவைத்தவர். தாளங்களுக்கு அவர் நாடியது சார்ங்கதேவர் தொகுத்த 120 தேசி தாளங்களை. அவற்றின் பட்டியலை ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் கண்டெடுத்து ஆயுள் முழுக்கப் பயன்படுத்தினார். தாளங்களைக் கடன் வாங்கிய அவர் நிறங்களைக் கடன் வாங்கவில்லை. அவை அவருக்குச் சொந்தமாகவே இருந்தன.

இரண்டு எழுத்து, ஒரு ஒலி

வாளையாரிலிருந்து மீனாட்சிபுரம் வரையிலும், போடிமெட்டிலிருந்து குமுளி வரையிலும் இரண்டு மொழியும் புழங்கும் ஊர்கள் நிறைய. சித்தூர், தேவிகுளம் வட்டாரங்களில் தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன. வகுப்பில் தமிழ், பஸ் பலகையிலும் ரேஷன் கடையிலும் மலையாளம் என்று இங்கே ஒரு பிள்ளைக்கு ஆறேழு வயதிலேயே இரண்டு எழுத்து வரிசைகள் அறிமுகமாகின்றன. ‘ண’ இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வடிவம். ‘ழ’ இரண்டிலும் ஒரே ஒலி, வடிவம் வேறு. எழுத்துக்கு நிறம் காணும் பிள்ளையாக இருந்தால் மலையாள ‘ழ’ என்ன நிறத்தில் இருக்கும்?

இதே போன்ற நிலை ஜப்பானில் உண்டு. அங்கே ஒரே ஒலிக்கு ஹிராகனா, கத்தகானா என்று இரண்டு எழுத்து. இரண்டுக்கும் வடிவம் வேறாக இருந்தாலும் ஒலி ஒன்றானால் நிறமும் ஒன்றாக இருப்பதை 2011-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிறு வயதில் ரஷ்யாவுக்குக் குடிபோன ஓர் அமெரிக்கப் பெண்ணைப் பற்றிய ஆய்வு 2006-ல் வந்தது. ஆங்கில எழுத்துகளின் நிறங்கள், ஒலியோ வடிவமோ ஒத்துப்போன ரஷ்ய எழுத்துகளுக்கும் தாவியிருந்தன. அதைவிட ஆச்சரியம், அந்த ஆங்கில நிறங்கள் வந்த இடம்: அவர் குழந்தையாக இருந்தபோது வீட்டில் ஒட்டிவைத்திருந்த காந்த எழுத்து பொம்மைகள். 2015-ல் 6,588 அமெரிக்கர்களை ஆராய்ந்தபோது, 100-ல் 6 பேரின் நிறங்களில் பலவும் அந்த ஒரே கம்பெனி பொம்மையோடு பொருந்தின. அதாவது, நிறம் காணும் தன்மை பிறவியோடு வருகிறது. எந்த எழுத்துக்கு எந்த நிறம் என்பதை முதல் அரிச்சுவடியே சிலருக்குத் தீர்மானித்துவிடுகிறது.

இது ஒரே நாளில் வந்து உட்கார்ந்துவிடுவதும் இல்லை. பிரிட்டனில் 6, 7 வயதுள்ள 615 பிள்ளைகளைச் சோதித்து 2009-ல் சிம்னர் குழுவினர் வெளியிட்ட முடிவுகளின்படி, நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமானோருக்கு எழுத்தும் எண்ணும் நிறமாகத் தெரிந்தன. எழுத்தும் எண்ணுமாக மொத்தமுள்ள 36-ல் அப்போது சராசரியாகச் சுமார் 10-க்கு நிறம் உறுதியாகியிருந்தது. ஓராண்டு கழித்து அது 17 ஆனது. பிள்ளை எழுதப் படிக்கக் கற்கும் அதே ஆண்டுகளில் நிறங்களும் ஒவ்வொன்றாக இறுகுகின்றன. வகுப்பறையில் ஆசிரியர் கண்ணெதிரே நடக்கும் காரியம் இது. ஆனால் அவர் கண்ணுக்குத் தெரியாது.

இதில் நமக்குப் புரியாத மர்மம் எதுவும் இல்லை என்பதற்கு ஒரு சின்ன விளையாட்டே சாட்சி. ஒரு காகிதத்தில் முனை முனையாக ஒரு வடிவம், குமிழ் குமிழாக ஒரு வடிவம் வரைந்து, இவற்றில் ‘கிகி’ எது, ‘பூபா’ எது என்று கேட்டால், பெரும்பாலானோர் முனை உள்ளதைக் ‘கிகி’ என்பார்கள். வேறு சொற்களை வைத்து வொல்ஃப்காங் கோலர் 1929-லேயே எழுதிய சோதனை இது. அதைப் புதுப்பித்த ராமச்சந்திரன், தமிழ் பேசுவோரிடமும் இது பலித்ததாக எழுதியிருக்கிறார். 25 மொழிகளைச் சேர்ந்த 917 பேரிடம் நடத்தி 2022-ல் அச்சான ஆய்வில் 72 சதவீதம் இதே பதில். ஆங்கில எழுத்தின் கூர்மைதான் காரணம் என்று சொல்லித் தப்பமுடியாது. மலையாள எழுத்து எதை எடுத்தாலும் வளைவுதான். ஒலிக்கு வடிவம் காண்பது நம் எல்லோருக்கும் பொது என்றால், எழுத்துக்கு நிறம் காண்பவர் நம் தெருவுக்கு அடுத்த தெருக்காரர். வேற்றுக் கிரகவாசி அல்ல.

ஒரு தாய் செய்தது

ரஷ்யாவில் பிறந்த எழுத்தாளர் விளாதிமிர் நபகோவ் தன் வரலாற்றில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். அவருக்கு அப்போது ஏழாவது வயது. எழுத்துகள் பொறித்த மரக் கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தவர், எல்லாக் கட்டைக்கும் நிறம் தப்பாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. எந்த எழுத்து என்ன நிறம் என்று விசாரித்தார். அவருக்கும் எழுத்துகள் நிறமாகத்தான் தெரிந்தன. சில எழுத்துகளுக்கு இருவர் நிறமும் ஒன்றாகவே இருந்தது. பிறகு மகன் ரசிப்பதற்காக நகைகளையும் நிறங்களையும் காட்டி வளர்த்தார். அந்தப் பிள்ளை பெரியவனாகி உலகம் அறிந்த எழுத்தாளன் ஆனது வேறு கதை. அவனுக்கு அன்று கிடைத்தது ஒரு எளிய பதில்: நீ சொல்வதை நான் நம்புகிறேன்.

பல பிள்ளைகளுக்கு இது கிடைப்பதில்லை. ஐந்து என்றால் நீலம்தானே என்று கேட்கும் பிள்ளைக்கு, ஒழுங்காகக் கணக்கைப் போடு என்ற அதட்டல்தான் பதில். ஒருமுறை கேலிக்கு ஆளான பிள்ளை அப்புறம் வாயைத் திறப்பதில்லை. எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்றே நினைத்து வளர்ந்து, நடுவயதில் ஒரு கட்டுரையைப் படித்தோ வானொலியில் கேட்டோ, தன்னுடையது தனி அனுபவம் என்று அறிந்து அதிர்ந்தவர்களும் உண்டு. நோபல் பரிசு பெற்ற ரிச்சர்டு ஃபெயின்மன் பௌதிகச் சமன்பாடுகளின் எழுத்துகள் தனக்கு நிறம் நிறமாகத் தெரிவதாகவும், மாணவர்களுக்கு அது எப்படித்தான் தெரிகிறதோ என்று வியப்பதாகவும் எழுதினார். அவர் அதைச் சொல்லும்போது ஃபெயின்மன் ஆகியிருந்தார். கேலி செய்ய ஆளில்லை.

எதிர்க்கோடிக்குப் போவதும் தவறு. 2004-ல் பை என்ற எண்ணின் 22,514 தசம இலக்கங்களை மனப்பாடமாக ஒப்பித்த டேனியல் டாமெட்டைப் போல, எண்களின் நிறமும் வடிவமும் சிலருக்கு ஞாபகசக்திக்குப் படிக்கட்டாகலாம். அதற்காக இவர்கள் எல்லோரும் மேதைகள் அல்ல, ஞான திருஷ்டி பெற்றவர்களும் அல்ல. தொந்தரவுகளும் உண்டு. தப்பான நிறத்தில் அச்சான எண் கணக்கைத் தடுமாறவைக்கும். பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் வானர்ட்டன் என்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் நாக்கில் ருசிக்கிறது. கூட்டத்தில் நடந்தாலே வாய் ஓயாது. பிறர் உடம்பில் பட்ட தொடுதலைத் தன் உடம்பிலேயே உணர்பவர்களைப் பற்றியும் 2005 முதல் ஆய்வுகள் வந்திருக்கின்றன. அப்படிப்பட்டவருக்கு ஆஸ்பத்திரி வராந்தா எப்படி இருக்கும் என்று ஊகிப்பது கடினம் அல்ல.

மருத்துவம் இதை நோயாகக் கணக்கில் எடுப்பதில்லை. எனவே மாத்திரையும் மந்திரித்தலும் தேவையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். சிறு வயதிலிருந்து மாறாமல் இருப்பதுதான் இந்த வகை. முன்பு இல்லாத ஒளியோ வாசனையோ திடீரென்று தோன்றினால், கூடவே தலைவலியோ நினைவு தப்புதலோ இருந்தால், அது வலிப்பின் முன்னோட்டமாகவோ வேறு நரம்புக் கோளாறாகவோ இருக்கலாம். அப்போது நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதில் தாமதம் கூடாது. இந்தப் பகுதி மக்களுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலிப்பு நோய்க்குச் சிறப்புச் சிகிச்சை இருக்கிறது.

மற்றபடி ஆசிரியரும் பெற்றோரும் செய்யவேண்டியது செலவில்லாத காரியம். பிள்ளை நிறம் சொன்னால் குறித்துக்கொள்வது. ஒரு மாதம் கழித்து விளையாட்டுப் போலத் திரும்பக் கேட்பது. அதே பதில் வந்தால் அந்தப் பிள்ளை கதைவிடவில்லை. நிறம் குழப்பினால் அதற்குப் பிடித்த நிறத்திலேயே எழுதவிடுவது. எல்லைப்புறப் பள்ளியில் இது இன்னும் சுவாரஸ்யமாக இருக்கும்: தமிழ் ‘ழ’வுக்கும் மலையாள ‘ழ’வுக்கும் அந்தப் பிள்ளையின் மனத்தில் ஒரே நிறமா, இரண்டா என்பதை ஒரு சாக்பீஸ் பெட்டியை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

ஏலக்காயின் மணத்தைக் கண்ணால் விலைபேசும் ஊர் இது. சொல்லைக் கையால் வாசிக்கும் ஊரும் பக்கத்தில்தான் இருக்கிறது. மலையின் இரண்டு பக்கமும் அடுப்படியில் நிற்பவர்களுக்கு வாசனை பச்சையாக இருப்பதில் எந்த ஆட்சேபணையும் இல்லை. அதே அடுப்படியின் வாசலில் நின்றுகொண்டு ஒரு பிள்ளை, செவ்வாய்க்கிழமை பச்சை என்று சொன்னால், என்ன பச்சை, இளம் பச்சையா, கரும் பச்சையா என்று கேட்டுவிட்டால் போதும்.